மாற்றிப் பார்ப்பதும் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல



நீளமான பதிவு. பொங்கல் விடுமுறைக்குக் காரை எடுத்துக்கொண்டு எங்கள் மலைக்கு வரப்போகிறவர்களும், இங்கேயே இருந்துகொண்டு தினம் காலையில் காரோடு மல்லுக்கட்டுகிறவர்களும் மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

"மாத்திப் பாத்துடலாம் சார்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. குளிர்காலத்தில் காலையில் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிப் பாருங்கள். முதலில் பேட்டரியை மாத்திப் பாத்துடலாம். சரியாகவில்லையா, செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பாத்துடலாம். அதற்கும் மசியவில்லையா, இன்ஜெக்டர்தான் சார், வேறென்ன. பார்ப்பது அவர்கள், பணம் கொடுப்பது நாம். எதைப் பார்த்தார்கள், எதை அளந்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "இருபது வருசமா இதே தொழில்தான் சார் பண்றேன்" என்று பதில் வரும். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அளக்காத அனுபவத்துக்கு ஊகம் என்றுதான் பெயர்.

கார் ரிப்பேரைப் பற்றி வாத்தியாருக்கு என்ன தெரியும் என்று சிலர் நினைப்பீர்கள். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று இதற்கு அப்படியே பொருந்துகிறது. அதற்குக் குறையறி சோதனை என்று பெயர். ஒரு பிள்ளை 52லிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறான். கவனக்குறைவு என்று காதைத் திருகுகிறவர்கள் உண்டு. இன்னும் நூறு கணக்கு போட்டுக்கொண்டு வா என்று அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த 35ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றாம் இடத்தில் 2லிருந்து 7 போகாது என்பதால், அவன் 7லிருந்து 2ஐக் கழித்திருக்கிறான். பத்தாம் இடத்தில் ஒழுங்காகக் கழித்திருக்கிறான். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியை அவனாக வைத்துக்கொண்டிருக்கிறான். கடன் வாங்குவது மட்டும்தான் அவனுக்குப் புரியவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பத்து நிமிட வேலை. கண்டுபிடிக்காமல் நூறு கணக்கு கொடுத்தால் நூறையும் அதே மாதிரி தப்பாகப் போட்டுக்கொண்டு வருவான். அந்த நூறு கணக்குக்கும் புது பேட்டரிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். என் அக்கா வீட்டுக்காரருக்கு, மாமாவுக்கு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கோயம்புத்தூரில் காலை ஏழு மணிக்குப் படுக்கை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்ச் சேர வேண்டும் என்றால் நாலரை மணிக்குக் கார் கிளம்பியாக வேண்டும். மார்கழியில் நாலரை மணி எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைக் காட்டை ஒட்டின புல்லெல்லாம் உறைபனியில் உப்புத் தூவின மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கார் கிளம்பவில்லை என்றால் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். ஒரு முறை தவறினால் அடுத்த முறைக்குள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, மனிதர் படுகிற பாடு பார்க்க முடியாது. அந்த வீட்டில் கார் ஸ்டார்ட் ஆவது சொகுசு விஷயம் அல்ல.

கார் டீசல் கார், பத்து வயது தாண்டியது. அக்கா மகன் கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். முதலில் புது பேட்டரி, ரூ.6,800. நான்கு நாள் கழித்து அதே தகராறு. செல்ஃப் மோட்டாரைப் பிரித்து வேலை பார்த்ததற்கு ரூ.7,500. ஆக ரூ.14,300 போனது. மறுபடி அதே தகராறு. மூன்றாவது முறை, நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும், ரூ.48,000 ஆகும் என்றார்கள். அப்போதுதான் அவன் எனக்கு போன் செய்தான். "மாமா, நகைக் கடன் வைக்கலாமான்னு அம்மா கேக்குறாங்க" என்றான்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாப்பிள்ளை, சாவியைத் திருகினா செல்ஃப் எப்படிச் சுத்துது? இழுத்து இழுத்துச் சுத்துதா, விறுவிறுன்னு சுத்துதா?"

விறுவிறுவென்று சுற்றுகிறது, முதல் நாளிலிருந்தே அப்படித்தான் என்றான். காலையில் எடுத்த வீடியோவையும் அனுப்பினான். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது, பற்றிக்கொள்ள மட்டும் மாட்டேன் என்கிறது. ஐந்தாறு முறை அடித்த பிறகு ஒரு மாதிரி இருமிக்கொண்டு கிளம்புகிறது. ஒரு நிமிடம் காரே குலுங்குகிறது, பிறகு ஒழுங்காகிவிடுகிறது.

படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இன்ஜினைச் சுற்ற வைப்பதுதான் பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் உள்ள முதல் வேலை. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது என்றால் இரண்டும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. நன்றாகச் சுற்றுகிற காருக்கு எதற்குப் பேட்டரி மாற்றினார்கள்? எதற்குச் செல்ஃப் மோட்டாரைப் பிரித்தார்கள்? காது கேட்கிற யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ரூ.14,300 கட்டணம்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். யாரும் கேட்பதில்லை. தகராறு குளிராலா, நின்றதாலா? இரவு முழுவதும் நின்ற கார் குளிர்ந்தும் இருக்கிறது, எட்டு மணி நேரம் நின்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தால்தான் வழி தெரியும். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வெயிலில் நிறுத்திவிட்டு மாலை நான்கு மணிக்கு எடுத்துப் பாருங்கள். அப்போதும் அடம் பிடித்தால் குளிரின் மேல் பழி போட முடியாது. நிற்கும்போது டீசல் குழாயிலிருந்து பின்னால் வடிந்து காற்று புகுந்திருக்கலாம், பெட்ரோல் காரில் பம்ப்பின் அழுத்தம் இறங்கியிருக்கலாம். மாலையில் ஒரே அடியில் கிளம்பினால், விஷயம் குளிர்தான். அக்கா மகன் சோதித்தான். மாலையில் ஒரே அடியில் கிளம்பியது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் சுடுமே, அதேதான். இன்ஜினுக்குள் காற்றை பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தும்போது வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றும். குளிர்ந்த காலையில் உள்ளே வரும் காற்றே சில்லென்று இருக்கிறது, சுற்றியுள்ள இரும்பு மிச்ச வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. போதாக்குறைக்கு மலை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. (இங்கே பருப்பு வேகத் தாமதமாவதற்கும் அதுதான் காரணம், மருமகள்களைக் குறை சொல்லாதீர்கள்.) அழுத்துவதற்கே காற்று குறைவு என்றால் சூடும் குறைவு. இதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அது அணையும்வரை காத்திருந்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரக்காரர்கள் பலர் அந்த விளக்கை மதிப்பதே இல்லை.

இப்போது அந்தக் காரின் அறிகுறிகளைச் சேர்த்துப் பாருங்கள். நன்றாகச் சுற்றுகிறது. வெள்ளைப் புகை வருகிறது, அதாவது டீசல் உள்ளே வருகிறது, எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது. கிளம்பியதும் ஒரு நிமிடம் குலுங்குகிறது, அதாவது சில சிலிண்டர் பற்றிக்கொண்டது, சில இன்னும் பற்றவில்லை. சூடானதும் எந்தக் குறையும் இல்லை. இத்தனையும் விரல் நீட்டுவது ஹீட்டர் பிளக்கை. இன்ஜெக்டர் போயிருக்கவே முடியாதா என்றால், போகலாம். ஆனால் தேய்ந்த இன்ஜெக்டர் பெரும்பாலும் சூடான வண்டியிலும் தகராறு செய்யும். அதைச் சோதிக்க, திரும்பி வரும் டீசலை நான்கு பாட்டிலில் தனித்தனியாகப் பிடித்து அளவு பார்க்கும் வழியும் இருக்கிறது. ரூ.48,000 கேட்டவர்கள் அந்த நான்கு பாட்டிலைப் பிடித்தார்களா என்று கேட்டேன். பிடிக்கவில்லை.

என் பழைய மாணவன் ஒருவன் கட்டபெட்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, ஆனால் மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் எதையும் கழற்ற மாட்டான். முந்தின நாள் மாலையே காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னான். காலை ஆறு மணிக்கு வந்து, சாவியை ஆன் செய்து, பிளக்குக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தான். வந்தது. ஆகவே ரிலே நன்றாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். பிறகு இணைப்பைக் கழற்றி ஒவ்வொரு பிளக்காக மின்தடையை அளந்தான். இரண்டில் ஓம் அளவு ஒன்றுக்குப் பக்கத்தில் காட்டியது. மற்ற இரண்டில் எதுவுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்து கிடக்கிறது. அளக்க எடுத்தது பத்து நிமிடம்கூட இல்லை. நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட ரூ.3,200, கூலி தனி. உடனே கழற்றவும் இல்லை. இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்றினான். வருடக்கணக்கில் இறுகிப்போன பிளக்கைக் குளிரில் முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளேயே முறிந்துவிடும், அப்புறம் இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டிவரும் என்றான். அக்காவின் வளையல் பீரோவிலேயே இருக்கிறது.

பேட்டரி என்றைக்கும் குற்றவாளி அல்ல என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இழுத்து இழுத்துச் சுற்றினால், அல்லது டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தால், முதல் சந்தேகம் அதன் மேல்தான். வெப்பநிலை சுழியத்துக்கு இறங்கினால் பேட்டரியின் திறன் ஐந்தில் ஒரு பங்காவது குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜின் கனக்கும். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. நிறைந்திருக்கும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை நன்றாகச் சோதிக்க வேண்டும். விழாமல் நிற்கிறது, ஆனாலும் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் வயரைப் பாருங்கள். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா, எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா? சுவப்பு முனையை இன்ஜினின் இரும்பிலும் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட் காட்டினால் எர்த் வழியில் கோளாறு. உப்புத்தாளும் ஸ்பேனரும் போதும். இந்த ஒரு வயருக்காக எத்தனை பேட்டரிகள் பலியாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காலி என்றால்கூட, ஏன் காலி என்று கேட்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் ஏற்றவில்லை. ஏற்றுகிறது, ஆனாலும் இரவில் காலியாகிறது என்றால், பின்னால் பூட்டின கேமராவோ ஸ்டீரியோவோ தூங்காமல் குடித்துக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட காரில் புது பேட்டரி போட்டால் அதையும்தான் குடிக்கும்.

ஆயிலையும் கேளுங்கள். 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய இன்ஜினில் கையில் இருந்த 20டபிள்யூ-50ஐ ஊற்றியனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டபிள்யூ என்பதே குளிர்காலத்தைக் குறிப்பது. சமவெளியில் தெரியாது, இங்கே காலையில் தெரியும்.

பெட்ரோல் கார்க்காரர்களுக்கு வேறு கதை. பழைய அம்பாஸடரிலும் பத்மினியிலும் சோக் என்று ஒரு குமிழ் இருந்தது, குளிரில் அதை இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று அதற்குச் சொல்வது, கூலன்ட் வெப்பத்தை அளக்கும் ஒரு சின்ன சென்சார். அது பொய் சொன்னால், அதாவது இன்ஜின் சூடாக இருக்கிறது என்று சொன்னால், கம்ப்யூட்டர் குளிரிலும் சிக்கனமாகவே பெட்ரோல் கொடுக்கும். கார் கிளம்பாது. வெயில் ஏறினால் கிளம்பும். இந்தப் பொய்யைப் பிடிப்பது சுலபம். இரவு முழுவதும் நின்ற காரில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரை மாட்டி, கூலன்ட் வெப்பம், உள்ளே வரும் காற்றின் வெப்பம் இரண்டையும் பாருங்கள். இரண்டும் வெளிக்குளிரை ஒட்டி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 6 டிகிரி, கூலன்ட் மட்டும் 45 என்றால் திருடன் அகப்பட்டான். ஆனால் இதே சோதனையைப் பகல் பதினொன்றரைக்கு, பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்த காரில் செய்தால் ஒன்றும் தெரியாது.

அங்கேதான் என் பெரிய வழக்கு. குளிரில் வருகிற நோயைச் சூட்டில் பார்க்கிறார்கள். நாம் காலையில் படாத பாடுபட்டுக் கிளப்பி, வியர்த்து, பதினொரு மணிக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்துகிறோம். அவர் சாவியைத் திருகுகிறார். ஒரே அடியில் கிளம்புகிறது. "நல்லாத்தானே இருக்கு சார்" என்கிறார். அந்த நொடியில் நோய் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத நோய்க்கு எழுதும் மருந்துதான் அந்த மாத்திப் பாத்துடலாம். கார் ராத்திரி இங்கேயே நிற்கட்டும், காலையில் நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வருகிறது?

மெக்கானிக் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் மாணவனே சொன்னான்: "சார், செக் பண்ணதுக்கு முந்நூறு ரூபா கேட்டா சண்டைக்கு வர்றாங்க. பார்ட்ஸ் மாத்தி ஏழாயிரம் பில் போட்டா பேசாம கொடுத்துட்டுப் போறாங்க." உண்மைதானே? கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருளுக்குத்தான் உங்களில் பலர் காசு கொடுக்கிறீர்கள். சோதிப்பதற்குக் கூலி கொடுக்காதவர்களுக்கு யார் சோதித்துக் கொடுப்பார்கள்? காது கொடுத்துக் கேட்டதற்கும் மீட்டர் பிடித்ததற்கும் கூலி கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். அதே போல, மாற்றின பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சோதனையில் என்ன அளவு வந்தது என்று பில்லில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் அளக்கவில்லை.

குடும்பக் குழுவில் சுற்றுகிற கை வைத்தியத்தையும் கொஞ்சம் நிறுத்துங்கள். டீசல் உறைந்துவிட்டது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். லடாக்கில் அது உண்மையான பிரச்சினை, அதற்காகவே இந்தியன் ஆயில் 2019இல் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலைக் கொண்டுவந்தது. ஆனால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அதே பங்க்கில் போட்ட டீசலோடு அதே குளிரில் கிளம்பிப் போய்விட்டாரே, அவர் டீசல் மட்டும் ஏன் உறையவில்லை? ஏர் ஃபில்டரில் ஸ்பிரே அடித்தால் கிளம்பும் என்று இன்னொருவர். ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும்போது அந்த ஈதர் உள்ளே போனால் நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே பதம் பார்க்கும். ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து அடிப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். பிளக்கை நேரே பேட்டரியில் தொட்டுப் பார்க்கும் வீடியோவும் வருகிறது. புதிய கார்கள் சிலவற்றில் குறைந்த வோல்ட் பிளக், 12 வோல்ட் கொடுத்தால் அங்கேயே வெந்துவிடும். செல்ஃபை ஒரு மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள்.

ஆகவே இனிமேல் "சார், கார் ஸ்டார்ட் ஆகல, என்ன பண்ணலாம்" என்று ஒற்றை வரி அனுப்பினால் பதில் போட மாட்டேன். இன்ஜின் எப்படிச் சுற்றுகிறது, புகை என்ன நிறம், மாலையில் எப்படிக் கிளம்புகிறது, காலையில் பேட்டரி எத்தனை வோல்ட், கடைசியாக என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதி, பத்து விநாடி வீடியோவோடு அனுப்புங்கள். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு. காரை மட்டும் சனிக்கிழமை இரவே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுங்கள். ஞாயிறு காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால் சூடாகிவிடும்.